குழாயில் வெட்டிய பேர்

ஒரு பெண்ணின் பேரை நான் அரம் போட்டு அழித்திருக்கிறேன். கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. அழகுக்காகச் செய்தேன். அந்தப் பேர் அங்கேயே இருந்திருந்தால் அவளுடைய அண்ணன் திருடனில்லை, பொய்ச்சத்தியம் செய்தவனில்லை என்று ஓர் ஊருக்கே தெரிந்திருக்கும். அதைத்தான் எழுதப் போகிறேன். சுற்றி வளைக்க எனக்குப் பொறுமை கிடையாது, எந்த வயதிலும் இருந்ததில்லை.

சமஸ்தானம் போய், புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. நான் ஊர் ஊராகப் போய் அம்மை குத்துகிற வேலையில் இருந்தேன். என் தலை தெரிந்ததும் பிள்ளைகள் வைக்கோல்போருக்குப் பின்னால் ஓடும். "சோறு திங்கலைன்னா இவருக்கிட்டப் பிடிச்சுக் குடுத்துருவேன்" என்று சொல்லியே தாய்மார்கள் ஊட்டி முடிப்பார்கள். கெட்ட பேர்தான், ஆனால் எனக்குப் பொருத்தமான வேலை. ஓரிடத்தில் உட்கார வேண்டியதில்லை. பஸ் நிற்பதற்கு முன்னால் இறங்குகிற ஆள் நான். சோறு ஆறுவதற்குள் சாப்பிட்டு நாக்கைச் சுட்டுக்கொள்வேன். கல்யாணமான புதிதில் என் மனைவி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஒங்களை யாரும் தொரத்திக்கிட்டு வர்றாங்களா? இங்கிட்டு ஒருத்தரையும் காணோமே."

எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது. பழைய சீமைச் சைக்கிள். கடைகளில் புதுச் சைக்கிள் வர ஆரம்பித்திருந்த காலம். அதை நான் ஏறெடுத்தும் பார்க்க மாட்டேன். போகிற ஊரில் எல்லாம் கொல்லையிலும் மாட்டுக்கொட்டகையிலும் கிடக்கிற ஃபிரேம்களைத்தான் பார்ப்பேன். வர்ணத்தை நம்பக்கூடாது, யாரும் எதையும் அடித்துக்கொள்ளலாம். ஃபிரேமை ஒரு விரலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டுவேன். நல்ல குழாயாக இருந்தால் ஒலி கொஞ்ச நேரம் நிற்கும். உள்ளே துரு ஏறியிருந்தால் டப்பென்று அடங்கிவிடும். குழாய்கள் சேருகிற மூட்டுகளைப் பார்ப்பேன். சீமை வேலையில் அந்த ஓரம் வெற்றிலை நுனி மாதிரி கூராக இழுத்து முடிந்திருக்கும். பெடல் அச்சு போகிற உருளையில் எண்ணெய் விட ஒரு சின்ன மூடி இருக்கும். கடைசியாகச் சீட்டுக்கு அடியில் நம்பர். நம்பருக்கு முன்னால் இருக்கிற எழுத்தை வைத்து இன்ன காலத்துச் சாமான் என்று சொல்வேன். பாதி தெரிந்து சொல்வேன், பாதி அடித்துவிடுவேன். மறுத்துப் பேச ஆளில்லை.

அப்போது எனக்கு ஒதுக்கியிருந்தது கிழக்குப் பக்கம். ஒரு நாள் கறம்பக்குடிச் சந்தையில் பழைய இரும்பு வாங்குகிற ஒருவரின் குவியலுக்கு அடியில் ஒரு ஃபிரேம் கிடந்தது. ஜன்னலுக்கு அடிக்கிற பச்சை வர்ணத்தை அதன் மேல் அப்பியிருந்தார்கள். சக்கரம் இல்லை, ஃபோர்க் இல்லை. எச்சிலைத் தொட்டு மூட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். பச்சைக்கு அடியில் கருப்பு. கருப்பில் மயிரிழை மாதிரி ஒரு தங்கக் கோடு.

"ஐயாவுக்கு அதுல என்ன தெரியுது?" என்றார் வியாபாரி, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு.

"என்ன தெரியும், துருதான் தெரியுது" என்றேன். எடைக்குத் தூக்கிக் கொடுத்தார். அவர் மனசு மாறுவதற்குள் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

அதை முழுச் சைக்கிளாக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எந்த ஊருக்குப் போனாலும் கண் இரும்பைத்தான் தேடும். ஃபோர்க் ஒரு கொல்லன் பட்டறையில் கிடைத்தது. அந்தக் காலத்துப் பல்சக்கரம் மட்டும் கிடைக்கவே இல்லை. கடைசியில் பொன்னமராவதியில் ஒரு காப்பிக் கடையில், கொதிக்கிற பால்சட்டியை இறக்கி வைக்க அதைத்தான் பிரிமனையாகப் போட்டிருந்தார்கள். காப்பியை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரருக்கு நான் சட்டியைப் பார்க்கிறேனா பாலைப் பார்க்கிறேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. சந்தையில் நல்ல பிரிமனையாக ஒன்று வாங்கி வந்து கொடுத்து மாற்றிக்கொண்டேன். பல்லிடுக்கில் இறுகியிருந்த பாலாடையை எடுக்கவே இரண்டு நாள் ஆயிற்று.

ஃபிரேமின் பழைய வர்ணத்தை எடுக்கச் சலவைச் சோடாவையும் சுண்ணாம்பையும் குழைத்து அப்பி, சாக்கைச் சுற்றி முற்றத்தில் போட்டுவைத்தேன். மறுநாள் தேய்க்கத் தேய்க்கப் பச்சை தோலாக உரிந்து வந்தது. அப்போதுதான் சீட்டிலிருந்து பெடலுக்கு இறங்குகிற குழாயில் விரல் தடுக்கியது. புள்ளி புள்ளியாக உளி வைத்து அடித்த எழுத்து. முன்னால் ஓர் இன்ஷியல், பிறகு ஒரு பெண்ணின் பேர். எங்கும் கேட்கிற பேர் இல்லை அது. அந்தப் பேரை இங்கே எழுதப் போவதில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என்ன வேலைப்பாடு, என்ன குழாய், அதில் போய் இப்படிக் குத்தி வைத்திருக்கிறானே ஒரு மடையன் என்று கத்தினேன். என் மனைவி வந்து குனிந்து பார்த்தாள். ஈரக் கையால் தடவிப் படித்தாள்.

"இது கொடத்துல வெட்டுற எழுத்துங்க. சீர் சாமான். பொண்ணு வீட்டுல குடுத்திருக்காங்க."

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கிற அண்டாவிலிருந்து டம்ளர் வரைக்கும் அவள் பேரை வெட்டித்தான் அனுப்புவார்கள். நாலு மருமகள்கள் இருக்கிற வீட்டில் எது யாருடையது என்று சண்டை வராது. ஒத்துப்போகாமல் திரும்பி வந்தால் பேர் இருப்பது எல்லாம் கூடவே வரும். யாரோ ஒரு தகப்பன் மாப்பிள்ளைக்குச் சைக்கிள் கொடுத்திருக்கிறார். அண்டா குண்டாவோடு அதையும் பாத்திரக் கடையில் பேர் வெட்டுகிறவரிடம் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். அவரும் குடத்தில் வெட்டுவதைப் போலவே குழாயில் வெட்டிக் கொடுத்திருக்கிறார். இரும்பிலும் புள்ளி ஆழமாகத்தான் இறங்கியிருந்தது.

"அழிச்சுப்புடாதீங்க. ஒரு பொம்பளை பேரு" என்றாள் என் மனைவி.

"சைக்கிளுக்கு எதுக்குப் பொம்பளை பேரு?" என்றேன்.

அன்றைக்கே அரத்தை எடுத்துவிட்டேன். முதல் எழுத்து, அந்த இன்ஷியல், மேலோட்டமாக வெட்டியது. நாலு இழுப்பில் போய்விட்டது. மற்ற எழுத்துகளை மேடு தட்டுகிற அளவுக்குத்தான் ராவ முடிந்தது. அதற்கு மேல் போனால் குழாய் ஓட்டையாகிவிடும். தெருவில் ஈயம் பூசுகிறவர் வந்தபோது குழியை ஈயத்தால் நிரப்பச் சொல்லி, உப்புத்தாள் போட்டு மழுமழுவென்று ஆக்கினேன். கருப்பு வர்ணம் ஐந்து பூச்சு. ஒவ்வொரு பூச்சும் காய்கிற வரைக்கும் காத்திருப்பது எனக்கு நரகம். தொட்டுத் தொட்டுப் பார்த்து இரண்டு பூச்சைக் கெடுத்தேன். சிலைக்கு வர்ணம் எழுதுகிற ஒருவரைப் பிடித்துத் தங்கக் கோட்டைத் திரும்பப் போட்டேன். முடிந்தபோது அது கப்பலில் வந்து இறங்கிய அன்று எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது. தெருவே வந்து பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கையால் உருப்படியாகச் செய்து முடித்த முதல் காரியம் அதுதான்.

இரண்டு வருஷம் அதன் மேலேயே வாழ்ந்தேன் என்று சொல்லலாம். பிறகு எனக்கு மேற்குப் பக்கத்தை ஒதுக்கினார்கள். இலுப்பூரைத் தாண்டிக் கொடும்பாளூர் வரைக்கும். இரண்டு மூன்று நாள் அங்கேயே பள்ளிக்கூடங்களில் தங்கி வேலையை முடித்துத் திரும்புவேன்.

ஆவணி மாதம் கொடும்பாளூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்குப் போனேன். வேப்பமரத்தடியில் எல்லோரையும் கூட்டி வைத்துக் குத்திக்கொண்டிருந்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் எழுந்து அங்கிட்டுப் போய் நின்றார்கள். அவர் கையை நீட்டியபோது கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "பொய்ச்சத்தியம் பண்ணினவனுக்கு ஊசி எதுக்குங்க? ஆத்தாளே வந்து பாத்துக்கிருவா." யாரும் அவரை அதட்டவில்லை. சிலர் சிரித்தார்கள். அந்த மனிதர் தலையைத் தூக்கவே இல்லை. அந்தப் பெண் மட்டும் சொன்னவரை ஒரு முறை பார்த்துவிட்டு என்னிடம் கையை நீட்டினாள். பதினேழு வயதிருக்கும். குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. என் வேலையில் அப்படிப்பட்டவர்களைப் பார்ப்பது அபூர்வம்.

வேலை முடிந்து, விட்டுப்போனவர்களை வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு வீட்டுச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டேன். முப்பது வயதிருக்கிற ஒரு பெண் செம்போடு வந்தாள். என்னிடம் நீட்டவில்லை. சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது எங்கிட்டு வாங்கினதுங்க?"

"ஏன், எதுக்குக் கேக்குறீங்க?"

"எங்க சைக்கிளும் இப்படித்தான் இருந்துச்சு. கருப்பு. இதே மாதிரி தங்கக் கோடு."

செம்பைக் கீழே வைத்தாள். நேராகப் போய்ச் சீட்டுக்குக் கீழே இறங்குகிற குழாயில் விரலை வைத்தாள். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், இரண்டு தரம் தடவினாள். என் வர்ணம் கண்ணாடி மாதிரி வழுக்கியது.

"இல்லீங்க. அதுல எம் பேரு வெட்டியிருக்கும். இந்த எடத்துலதான்" என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டாள்.

கீழே இருந்த செம்பை எடுத்தேன். தண்ணீரைக் குடித்தேன். அவளாகவே சொன்னாள். கறம்பக்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். மூன்று வருஷத்துக்கு மேல் ஒத்துப்போகவில்லை, அண்ணன் போய் அழைத்து வந்துவிட்டார். பெரியவர்கள் பேசிச் சீர் சாமானைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். எல்லாம் வந்தது. சைக்கிள் வரவில்லை. "அதை ஒன் அண்ணன் அன்னைக்கே களவாண்டுக்கிட்டுப் போயிட்டானே" என்று சொல்லிவிட்டான் புருஷன். இல்லை என்றால் கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யட்டும் என்றார்கள். அண்ணன் இரண்டு ஊர் ஆட்களுக்கு முன்னால் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். அடுத்த மாதமே அவருடைய உழவுமாடு ஒன்று செத்துப்போயிற்று. அதோடு முடிந்தது.

"சாமி காட்டிக்குடுத்துருச்சுங்கிறாங்க. மரத்தடியில பாத்திருப்பீங்களே. நாளைக்கு அண்ணன் மகளுக்கு எந்த வீட்டுலேருந்து வருவாக, சொல்லுங்க. அந்தச் சைக்கிள் எங்கயாச்சும் கெடைச்சா, எம் பேரைப் பாத்து, வித்தவன் யாருன்னு கேட்டாத் தெரிஞ்சிரும். நானும் எந்தச் சைக்கிளைப் பாத்தாலும் தடவிப் பாக்குறேன்."

மரத்தடியில் கை நீட்டிய மனிதர்தான் அந்த அண்ணன். நான் பதிவேட்டை விரித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பேர் கேட்டேன். தகப்பனார் இன்ஷியலோடு சொன்னாள். எழுதினேன். அந்த எழுத்துகளை என் கை முன்பே அறியும். ஒவ்வொன்றாக அரம் போட்ட கை.

அப்போதே சொல்லியிருக்கலாம். "இதுதாம்மா ஒங்க சைக்கிள், நான்தான் அழிச்சேன்" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் எல்லை வரைக்கும் உருட்டிக்கொண்டே வந்து, அதற்கப்புறம் ஏறி மிதித்தேன். ஆசைதான், வேறொன்றுமில்லை. சொன்னால் சைக்கிள் போய்விடும் என்ற ஒரே எண்ணம்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முன்பெல்லாம் காரணமில்லாமல் பரபரப்பாக இருந்தவனுக்கு இப்போது காரணம் கிடைத்துவிட்டது. சைக்கிளில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. சீட்டுக்கு அடியில் எங்கேயோ கிரிச் கிரிச் என்று. அச்சைக் கழற்றிப் பால்ரஸ் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிப் புது கிரீஸ் வைத்துப் பூட்டினேன். கேட்டது. சீட்டைக் கழற்றி ஒவ்வொரு ஸ்பிரிங்காக எண்ணெய் போட்டேன். கேட்டது. கொடும்பாளூர்ப் பக்கம் போகிறபோது சாலையோர டீக்கடையில் சைக்கிளை நிறுத்திவிட்டு அந்த ஊருக்கு நடந்து போவேன். காலில் ஆணி என்று ஒருவரிடம் சொன்னேன், இன்னொருவரிடம் பஞ்சர் என்று சொன்னேன். அவள் வீட்டுப் பக்கமே போக மாட்டேன். அண்ணனை ஒரு முறை வரப்பில் பார்த்தேன். ஒற்றை மாட்டோடு பக்கத்து ஊர்க்காரனின் மாட்டைப் பூட்டி உழுதுகொண்டிருந்தார். வேகமாகத் திரும்பி நடந்தேன்.

தை மாதம் அந்த டீக்கடையில்தான் கேள்விப்பட்டேன். அந்த அண்ணனின் மகளைப் பெண் பார்க்க விராலிமலைப் பக்கத்திலிருந்து நல்ல இடமாக வந்தார்களாம். பேச்சு முடிகிற நேரத்தில் யாரோ சத்தியத்தைப் பற்றிக் காதில் போட, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்களாம். கடைக்காரர் சொல்லிவிட்டு என் டம்ளரைப் பார்த்தார். டீ அப்படியே இருந்தது.

அன்றைக்காவது எழுந்திருக்க வேண்டாமா? வீட்டுக்கு வந்து சைக்கிளைத் தலைகீழாகப் போட்டு மறுபடியும் அச்சைக் கழற்றினேன். நாலாவது தடவை. என் மனைவி அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு வந்து நின்றாள்.

"எனக்கு ஒரு சத்தமும் கேக்கலைங்க. தெருவுல யாருக்கும் கேக்கலை. ஒங்களுக்கு மட்டும் கேக்குதுன்னா அது சைக்கிள்ல இல்லை."

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. உள்ளே போனாள், தன் குடத்தை எடுத்து வந்து கிணற்றடியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். கழுத்துப் பக்கம் வெட்டியிருந்த தன் பேரைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்தாள். நிமிராமலே சொன்னாள்: "அன்னைக்கே சொன்னேன், அழிக்காதீங்கன்னு. நாளைக்கே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

நாளைக்கே போகவில்லை. இன்னும் ஒன்றரை மாதம் போயிற்று. பேர் அழிந்துபோன சைக்கிளைக் காட்டி என்ன பயன், யார் நம்புவார்கள் என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். ஈயத்தைச் சூடு காட்டினால் உருகி வந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அதைச் செய்தால் ஐந்து பூச்சு வர்ணமும் பொங்கிப் போய்விடும் என்பதும் தெரியும். அந்த இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது நினைத்தால் என்னை நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

மாசி முடிகிற சமயம் தெருவில் ஈயம் பூசுகிறவரின் குரல் கேட்டது. என் மனைவி வாசலுக்குப் போகவில்லை. பாத்திரம் எதையும் எடுக்கவில்லை. என்னைப் பார்த்தபடி நிலைப்படியில் நின்றாள். நான் சைக்கிளைப் பிரித்தேன். சக்கரம், ஃபோர்க், ஹேண்டில்பார் எல்லாவற்றையும் கழற்றி வெறும் ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் துருத்தி ஊதி, குழாயைக் கரி நெருப்பில் காட்டினார். வர்ணம் கொப்புளம் விட்டுக் கருகி நாறியது. தங்கக் கோடு சுருண்டு மறைந்தது. ஈயம் பளிச்சென்று கசிந்ததும் அவர் துணியால் ஒரு இழுப்பு இழுத்தார். புள்ளிகள் தெரிந்தன. இன்னொரு இழுப்பு. அவள் பேர் முழுக்க வந்தது. இன்ஷியல் மட்டும் வரவில்லை. அதை நான் மிச்சம் வைத்திருக்கவில்லை.

அடுத்த வாரம் கறம்பக்குடிக்குப் போய் அந்த வியாபாரியைப் பிடித்தேன். அவருக்கு நன்றாக நினைவிருந்தது. விற்க வந்தவனின் கையில் பச்சை வர்ணம் காயாமல் ஒட்டியிருந்ததாம், அவருடைய தராசிலும் அப்பிக்கொண்டதாம். ஆள் இன்ன ஊர், இன்னார் என்று புட்டுப் புட்டு வைத்தார். அந்தப் புருஷன்தான். என்னோடு வந்து சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

"நான் பழைய இரும்புதாங்க வாங்கினேன், பழைய சண்டையையுமா வாங்கினேன்?" என்றார். ஆனால் சத்தியம், சூடம், செத்த மாடு என்று நான் சொல்லச் சொல்ல வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். "பொம்பளைப் புள்ளை காரியம். வாரேன்" என்றார்.

பங்குனியில் இரண்டு பேரும் போனோம். ஃபிரேமைச் சாக்கில் கட்டிப் பஸ் கூரையில் போட்டு, கொடும்பாளூரில் இறக்கி, நானே தோளில் சுமந்து நடந்தேன். எப்படிச் சொல்வது, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை. அந்த வீட்டு வாசலில் பந்தல் கால்கள் நின்றன. கீற்றைப் பிரித்துவிட்டிருந்தார்கள். கட்டியிருந்த இரண்டு வாழைமரமும் காய்ந்து தொங்கின.

"என்ன விசேஷம்?" என்று கேட்டேன்.

அவள்தான் வெளியே வந்தாள். "அண்ணன் மகளுக்கு மாசியில கல்யாணம் முடிச்சோம்ங்க. ரெண்டாந்தாரம்தான். அவருக்கு வயசு கூட, மூத்த தாரத்துப் பிள்ளைங்க மூணு இருக்கு. சத்தியத்தைப் பத்தி ஒண்ணும் கேக்கலை. அதுக்காகவே குடுத்தோம்."

திரும்பி நடந்துவிடலாமா என்று தோன்றியது. வியாபாரி அதற்குள் சாக்கை அவிழ்த்துவிட்டார்.

அவள் குழாயைப் பார்த்தாள். கீழே உட்கார்ந்து தடவினாள். மறுபடி மறுபடி தடவினாள். "எங்க அப்பா எழுத்துப் போயிருச்சே" என்றாள். பிறகுதான் அழுதாள். அவள் அண்ணன் கொல்லையிலிருந்து ஓடிவந்தார். ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். வியாபாரி நடுவில் நின்று, வந்த ஆள், பச்சை வர்ணம், தராசு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். ஃபிரேம் கைக்குக் கை மாறியது. படிக்கத் தெரியாதவர்கள்கூட விரலால் தடவிப் பார்த்தார்கள். மரத்தடியில் அன்றைக்கு ஏளனம் பேசியவர் வந்து அண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அண்ணன் ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை. "நான் சூடத்தைப் பொய்யா அணைக்கலை" என்பதை மட்டும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

கூட்டம் கலைகிற நேரத்தில் அவள் என்னிடம் கேட்டாள்: "எப்பங்க ஒங்களுக்குத் தெரிஞ்சுச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் வியாபாரி முந்திக்கொண்டார். "ஐயா போன வாரந்தாம்மா எங்கிட்ட வந்து கேட்டாரு. கேட்ட மறுவாரமே கெளம்பி வந்துட்டோம்." அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று விடவில்லை. வியாபாரியையும் என்னையும் உட்கார வைத்து இலை போட்டார்கள். அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்தார். மரத்தடியில் எழுந்து போன இரண்டு பேரையும் அவரே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவருடைய மனைவி பரிமாறினாள். அதுவரைக்கும் அவள் வெளியே வரவே இல்லை, அடுப்படியில்தான் இருந்திருக்கிறாள். எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே, குறையாக இல்லை, சும்மா பேச்சுவாக்கில் சொன்னாள்:

"ஒரு ரெண்டு மாசம் முந்தி ஒங்க கண்ணுல இது பட்டிருந்தா எம் மகளுக்கு வேற மாப்பிள்ளை அமைஞ்சிருப்பான். அவ தலையில அப்படி எழுதியிருக்கு. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம். நல்லாச் சாப்பிடுங்க."

ஆவணியிலிருந்தே எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன். இன்னும் சோறு கேட்கிறேன் என்று நினைத்து அவள் அன்னக்கரண்டியோடு குனிந்தாள். நான் கையை விலக்கி இலையில் இடம் விட்டேன். அவள் போட்டாள். சாப்பிட்டேன்.